தன்மை ஒருமை

விதி ஒன்றுதான்.
அவள் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்லவேண்டும்.
"அவ சொல்லுறா" என்று தொடங்கக் கூடாது.
இதற்கென்றே மூன்று சனிக்கிழமைப் பயிற்சி.

புர்க்டோர்ஃப், இரண்டாம் மாடி, காலை ஒன்பதே கால்.
கீழே எம்மெ ஆறு
உருகிய பனியின் கலங்கலோடு போகிறது.
தர்மிளா, முப்பத்தொரு வயது, ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை,
பிள்ளைகள் மூன்று, கடைசிக்குப் பதினொரு மாதம்.
கணவன் இரவு வேலை முடிந்து நித்திரை.
"நீயே பாத்து முடிவெடு" என்றாராம்.
ஜேர்மனில் அதைச் சொன்னபோது
கதவைத் திறந்துவிட்ட மாதிரியும் இருந்தது,
சாத்தின மாதிரியும் இருந்தது.

டொக்டர் ஸ்பிண்டன் இழுப்பறையைத் திறந்து
ஒவ்வொன்றாய் மேசையில் பரப்பினார்,
வளையல் விற்க வந்தவரைப் போல.

மாத்திரைக்குச் சொல் இருந்தது. ஊசிக்கும் இருந்தது.
தோலில் ஒட்டுவதைப் பிளாஸ்டர் என்றேன்,
காயத்துக்கு இல்லை என்றும் சேர்த்தேன்.
கைத்தோலுக்கு அடியில் வைக்கும் குச்சியை
ஈர்க்கு என்றேன், நெருப்புக்குச்சி நீளம்.
ஆணுறைக்குச் சொல் இருந்தும் என் குரல் இறங்கிற்று;
டொக்டர் நிமிர்ந்து பார்த்தார்.
"செம்புச் சுருள்."
"தண்ணி குடிக்கிற செம்போ?"
மூவரும் சிரித்தோம்,
ஒருவர் ஏனென்று தெரியாமல்.

தலையிடி வருமா என்று டொக்டர் கேட்டார்.
"ஆருக்குத்தான் வராது" என்றாள்.
நான் அதை மொழிபெயர்த்து முடிக்கமுதல்,
ஏதோ சில்லறை மிச்சம் தருவது போல்,
"அதுக்கு முதல் கண்ணுக்குள்ள கோணல்மாணலா மின்னும்."

பேனை நின்றது.
எத்தனை நிமிடம், எந்தக் கண், எத்தனை தரம்.
மாத்திரை அட்டைகளில் ஒன்று, பிளாஸ்டர், வளையம்
மூன்றும் இழுப்பறைக்குள் திரும்பிப் போயின.
"இவை உங்களுக்கு வேண்டாம்.
மூளையில் இரத்தம் அடைக்கிற ஆபத்துக் கூடும்."

தர்மிளா என் பக்கம் சாய்ந்தாள்.
"அக்கா, இதைச் சொல்லாதேங்கோ.
ஆறு மாதமா மச்சாளின்ர மாத்திரையைத்தான் போடுறன்."
அறைக்குள் பேசுவதெல்லாம் அறைக்கு.
அதுவும் விதி.
"இதைச் சொல்லாதீர்கள்" என்பதிலிருந்து தொடங்கி
எல்லாவற்றையும் சொன்னேன்:
நான், என் மச்சாள், ஆறு மாதம்.
என் காது சுட்டது.
டொக்டர் கோபிக்கவில்லை. "இன்றோடு நிறுத்துங்கள்,
சொன்னது நல்லது" என்றார்.
தர்மிளா என்னைப் பார்க்காமல் தலையாட்டினாள்.

பிறகு நீண்ட நேரம் மேசையைப் பார்த்தாள்.
செம்பைத் தொட்டாள், வைத்தாள்.
மாதவிடாய் இன்னும் கூடலாம் என்றால்
சலவை இயந்திரத்தின் முன் எட்டு மணித்தியாலம் எப்படி நிற்கிறது.
ஈர்க்கை எடுத்தாள்.
"இருக்கோ இல்லையோ எண்டு நானே தொட்டுப் பாக்கலாமோ?"
பார்க்கலாம்.
"வேண்டாமெண்டா எடுக்கலாமோ?"
எடுக்கலாம். இரத்தப்போக்கு நாள் தவறி வரலாம்,
வராமலும் விடலாம்.
காப்புறுதி காசு தராது.
அவள் உதடு அசைந்தது; மூத்தவனின் நீச்சல் வகுப்போ,
குளிர்காலச் சப்பாத்தோ, எதையோ கழித்துக்கொண்டிருந்தாள்.

ஆணுக்கும் ஒரு வழி உண்டு என்றார் டொக்டர்.
இனிப் பிள்ளையே வேண்டாமென்று இருவருக்கும் நிச்சயமென்றால்.
விறைப்பூசி, அரை மணித்தியாலம், அன்றே வீடு.

"அவருக்கு இதை ஆர் சொல்லுறது?"
"கூட்டி வாருங்கள், நான் சொல்கிறேன்."
அவள் யோசித்தாள்.
பிறகு விரலால் என்னைக் காட்டி,
"அப்ப இவவும் வரவேணும்."

பயிற்சியில் இது வரவில்லை.
"நான் என் கணவனோடு வந்தால்
இந்தப் பெண்ணும் வரவேண்டும்" என்றேன்.
அந்த வாக்கியத்தில் நான் தர்மிளா.
இந்தப் பெண் ஆரோ ஒருத்தி,
நரைக்குச் சாயம் பூசினவள்,
இருபது வருசமாய் இதே கேள்விகளை
ஒரு டொக்டரிடமும் கேட்காதவள்.

ஈர்க்குக்கு வியாழன், பதினொரு மணி.
ஐம்பத்தைந்து நிமிடம் என்று தாளில் எழுதிக் கையொப்பம் இட்டேன்.

பேர்ண் போகும் ரயிலில்,
பக்கத்து இருக்கை வெறுமை என்று நிச்சயமான பிறகு,
கோட்டுக்குள் கைவிட்டு
இடது மேற்கையின் உட்பக்கம் தடவிப் பார்த்தேன்.
ஒன்றும் தட்டுப்படவில்லை.
இன்னொரு தரம் தடவினேன்.